கைந்நூலில் உள்ள நாலு சொல்லும் மேசையில் உள்ள வேலையும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "பௌதிகவியல், கணிதம், கணினி விஞ்ஞானம் மூன்றும் என் பாடங்கள். நாலாம் வருடம் ஆய்வுச் செயற்றிட்டம் செய்ய வேண்டும். பீடக் கைந்நூலில் ஒவ்வொரு விரிவுரையாளரின் பெயருக்குக் கீழும் 'ஆய்வு ஆர்வங்கள்' என்று நாலைந்து சொல் போட்டிருக்கிறார்கள். பாதி விளங்கவில்லை. அதை வைத்து மேற்பார்வையாளரை எப்படித் தெரிவது? நனோ, மெஷின் லேர்னிங் என்று இருப்பவரிடம் போனால் பிறகு வெளிநாட்டுப் புலமைப்பரிசில் எடுக்கச் சுகமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சுகமில்லை. புலமைப்பரிசில் தருபவர்கள் செயற்றிட்டத்தின் தலைப்பை ஒரு தரம் பார்ப்பார்கள். பிறகு, "இதில் நீ என்ன செய்தாய்? ஏன் அப்படிச் செய்தாய்?" என்று நேர்முகத்தில் கேட்பார்கள். அதற்கு மூச்சு விடாமல் பத்து நிமிடம் கதைக்கக்கூடிய பிள்ளைக்குத் தலைப்பு எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், இதே பல்கலைக்கழகத்தில், பௌதிகம் முடித்துவிட்டுக் கலாநிதிப் பட்டத்துக்காக வெளிநாட்டுக்குப் போனபோது, பேராசிரியர் ஒருவரின் பட்டியலில் இருந்த ஒரேயொரு சொல்லுக்காக அவரைத் தெரிந்தேன். போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்த வேலையை அவர் விட்டு எட்டு வருடமாகிறது என்று. கருவி இன்னொரு கட்டடத்துக்குப் போய்விட்டது. பட்டியலைத் திருத்த அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. முதல் வருடம் முழுக்க நான் அந்தச் சொல்லைத் தேடி அலைந்ததுதான் மிச்சம்.

ஆகவே அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது என்பதை முதலில் பார்ப்போம். நம் ஊர் விரிவுரையாளர் ஒருவரின் பாதை பெரும்பாலும் இப்படித்தான்: முதல் வகுப்பில் சித்தி, சில வருடம் தகுதிகாண் விரிவுரையாளர், புலமைப்பரிசிலில் இங்கிலாந்தோ யப்பானோ நோர்வேயோ போய்க் கலாநிதிப் பட்டம், பிறகு திரும்பி வருதல். அங்கே அவர் பாவித்த கருவி கோடிக்கணக்கான ரூபாய் பெறுமதி. இங்கே அது இல்லை. இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்துப் புதிய ஒரு பக்கம் திரும்புவார். பட்டியலில் அதையும் சேர்ப்பார், பழையதை அழிக்கமாட்டார். ஆசையாக ஒன்றிரண்டு சொல்லும் வரும். நம் செம்மண்ணைத் தோண்டினால் கொஞ்சத் தூரத்தில் சுண்ணாம்புக்கல் வருகிற மாதிரி, அந்த நாலு சொல்லுக்குள்ளும் அடுக்குகள் இருக்கின்றன: முன்பு செய்தது, இப்போது செய்வது, செய்ய விரும்புவது. உங்களுக்கு வேண்டியது நடு அடுக்கு. அது எது என்று கைந்நூல் சொல்லாது.

இந்த ஊரின் கதையும் அதில் கிடக்கிறது. 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கியபோது விஞ்ஞானம் படிப்பித்தது வட்டுக்கோட்டையில். பிறகுதான் திருநெல்வேலிக்கு வந்தது. இன்றும் ஊரில் 'கம்பஸ்' என்றுதானே சொல்கிறோம், அது அந்தக் காலத்துப் பெயர். தொண்ணூறுகளின் முற்பகுதியில் குடாநாட்டுக்கே மின்சாரம் வரவில்லை. அப்படியான இடத்தில் கடதாசியும் பென்சிலும் போதுமான கணிதமும் கோட்பாட்டுப் பௌதிகமும் தாக்குப்பிடிக்கும், வெற்றிடப் பம்பி வேண்டிய பரிசோதனைப் பௌதிகம் திணறும்.

கடதாசியும் பென்சிலும் என்று குறைவாக நினைக்க வேண்டாம். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியின் பழைய மாணவர் சி. ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜில், குவாண்டம் பொறிமுறையைக் கட்டியவர்களில் ஒருவரான டிராக்கிடம் ஆய்வு செய்தவர். பழைய பௌதிகத்தின்படி ஐதரசன் அணுவில் சுற்றும் இலத்திரன் கதிர்வீசிச் சக்தியை இழந்து, ஒரு செக்கனின் பத்தாயிரம் கோடியில் ஒன்றிரண்டு பங்குக்குள் கருவில் விழுந்துவிட வேண்டும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அந்தக் கணக்கில், இலத்திரன் வீசும் கதிர்ப்பு இலத்திரனையே திருப்பித் தள்ளுவதைச் சரியாகச் சேர்ப்பதில்லை. 1938இல் டிராக் அதற்கு ஒரு சமன்பாடு எழுதினார். எலியேசர் அதை எடுத்து, நேர்கோட்டில் புரோத்தனை நோக்கி ஓடும் இலத்திரனுக்குத் தீர்த்துப் பார்த்தார். 1943இல் வெளிவந்த விடை விசித்திரமானது: இலத்திரன் புரோத்தனைத் தொடவே தொடாது. கவர்ச்சி விசையை மீறித் திரும்பி ஓடும். சமன்பாட்டிலேயே ஏதோ கோளாறு இருக்கிறது என்பதற்கான அடையாளங்களில் ஒன்றாக அதை இன்றும் சொல்கிறார்கள். அவருடைய ஆய்வு ஆர்வம் என்று கைந்நூலில் 'மரபு இலத்திரன் கோட்பாடு' என்று போட்டால் எந்தப் பிள்ளை அந்தக் கதவைத் தட்டும்?

இனிச் சொல் சொல்லாகப் பார்ப்போம். எல்லாவற்றையும் தொட முடியாது. நம் பீடத்தில் அடிக்கடி காண்பவற்றையும், சொல்லுக்கும் வேலைக்கும் இடையே தூரம் கூடியவற்றையும் எடுக்கிறேன்.

பௌதிகத்தில் 'நனோ பொருட்கள்', 'சூரியக் கலங்கள்', 'கலப்புச் சூரியக் கலங்கள்' என்று வருபவை பெரும்பாலும் ஒரே குடும்பம். யாழ்ப்பாணத்தில் இந்த ஆய்வு பல வருடமாக நடக்கிறது, நோர்வேயுடன் கூட்டுத் திட்டமும் இருந்தது. ஏன் இது இங்கே வேர் பிடித்தது? சிலிக்கன் கலம் செய்யத் தூசியில்லாத அறையும் மிகத் தூய சிலிக்கனும் வேண்டும். 1991இல் ஓரீகனும் கிரெட்செலும் காட்டிய சாயக் கலத்துக்கு அவை வேண்டாம். தைத்தேனியம் ஈரொட்சைட்டு, பெயின்ரில் போடும் அதே வெள்ளைத் தூள்தான், அதன் சக்தி இடைவெளி, அதாவது அதில் ஓர் இலத்திரனைக் கிளப்ப ஒளி கொடுக்க வேண்டிய ஆகக் குறைந்த சக்தி, 3.2 இலத்திரன் வோற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 388 நனோமீற்றரைவிடக் குறுகிய அலைநீளத்தைத்தான் அது உறிஞ்சும். சூரிய ஒளியில் அது மிகச் சிறிய பங்கு. அதனால் தூளின் மேல் ஒரு சாயத்தைப் பூசுகிறார்கள். சாயம் கட்புல ஒளியை உறிஞ்சி இலத்திரனை ஈரொட்சைட்டுக்குக் கொடுக்கும். சாயம் இழந்த இலத்திரனை, அதைச் சுற்றியுள்ள அயடைட்டுத் திரவம் ஈடு செய்யும். இலையில் நடப்பதற்குக் கிட்டத்தட்ட ஒன்று என்பார்கள். அது கொஞ்சம் கூடின புளுகு, ஆனால் முதல் படியில் ஒற்றுமை உண்டு.

திரவம் என்பதுதான் தொல்லை. நம் வெயிலுக்கு ஆவியாகும், ஓரத்தால் கசியும். அதற்குப் பதிலாகச் செப்பு அயடைட்டு என்ற திண்மத்தை வைத்து 1995இல் கலம் செய்து காட்டியவர்களில் முன்னின்றவர் கண்டியில் அடிப்படை ஆய்வு நிறுவகத்தில் இருந்த கீர்த்தி தென்னகோன். இலங்கையில் இந்தத் துறைக்குச் சொந்த வேர் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். இங்கே 'கலப்பு' என்பது சேதன பல்பகுதியத்தையும் அசேதன ஒட்சைட்டையும் சேர்த்துச் செய்வது. அதுவும் அதே திரவத் தொல்லையிலிருந்து தப்பும் இன்னொரு வழி.

இந்தச் சொல்லைத் தெரிந்தால் உங்கள் நாள் எப்படிப் போகும்? கண்ணாடி கழுவுவதில் போகும். மின் கடத்தும் பூச்சுள்ள கண்ணாடித் துண்டைச் சவர்க்கார நீர், வடித்த நீர், அசற்றோன் என்று மாறி மாறிக் கழுவ வேண்டும். பசையை ஒட்டுநாடாவின் தடிப்பளவுக்குத் தட்டையாக இழுக்க வேண்டும். 450 பாகை செல்சியசில் அரை மணித்தியாலம் சுட வேண்டும், அந்த நேரம் பார்த்து லைட் போகும். சாயத்தில் இரவு முழுக்க ஊற வைத்து, அடுத்த நாள் செயற்கைச் சூரிய விளக்கின் கீழ் மின்னோட்டமும் மின்னழுத்தமும் அளக்க வேண்டும். சிறுவிரல் நகமளவு கலம். பத்துச் செய்தால் நாலு வேலை செய்யும். அந்த ஆறு ஏன் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான ஆய்வு. பொறுமையும் சுத்தமான கையும் உள்ள பிள்ளைக்கு அருமையான வேலை. செவ்வரத்தம்பூச் சாறு, நாவற்பழச் சாறு என்று இயற்கைச் சாயம் போடும் செயற்றிட்டங்கள் கண்காட்சியில் நன்றாக எடுபடும். வினைத்திறன் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று இரண்டோடு நின்றுவிடும். பழகுவதற்கு நல்லது, புதிதாக ஒன்றைச் சொல்வதற்குக் கஷ்டம்.

அதே பௌதிகத்தில் 'கணிப்பு முறைப் பொருள் ஆய்வு', 'அடர்த்திச் சார்பியக் கோட்பாடு' என்று கண்டால் அது வேறு உலகம். 1964, 1965இல் ஹோகன்பேர்க், கோன், ஷாம் ஆகியோர் போட்ட அடித்தளம். ஒரு பொருளில் உள்ள எல்லா இலத்திரன்களின் அலைச் சார்பையும் தேடித் தலையை உடைக்காமல், இலத்திரன் அடர்த்தி என்ற ஒற்றைச் சார்பைக் கொண்டே தரைநிலைச் சக்தியைக் காணலாம் என்பது அதன் சாரம். கோனுக்கு 1998இல் நோபல் கிடைத்தது, அதுவும் இரசாயனவியலுக்கு. குவாண்டம் எஸ்பிரசோ போன்ற இலவச மென்பொருள் இருப்பதால் சிறிய பளிங்கு ஒன்றை உங்கள் மடிக்கணினியிலேயே கணிக்கலாம். நாள் முழுக்க உள்ளீட்டுக் கோப்பு, விடை ஒருங்குகிறதா என்ற பரிசோதனை, மறுபடி உள்ளீட்டுக் கோப்பு. மூன்று பாடமும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் இது. உங்களுக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன். கீழே மறுபடி வருகிறேன்.

கணிதத்தில் தூய பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சார்புப் பகுப்பாய்வு, இடத்தியல், எண் கோட்பாடு எதுவாக இருந்தாலும் நாலாம் வருடத்தில் உங்கள் வேலை ஒரு நல்ல கட்டுரையை வரிக்கு வரி விளங்கிக்கொள்வது, அது விடுகின்ற இடைவெளிகளை நிரப்புவது. புதிதாகத் தேற்றம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வீட்டில் கேட்பவர்களுக்கு என்ன செய்கிறாய் என்று சொல்லவே முடியாது. அது பிடிக்கிறவர்களுக்கு வேறெதுவும் பிடிக்காது.

'கணித மாதிரியாக்கம்' என்ற சொல்தான் ஏமாற்றும். மிக இலகுவாகத் தெரியும். டெங்கை எடுங்கள், எல்லாரும் எடுப்பது அதைத்தான். தொற்றக்கூடியவர், தொற்றியவர், குணமானவர் என்று சனத்தொகையைப் பிரித்து வகையீட்டுச் சமன்பாடு எழுதுவது 1927இல் கெர்மாக்கும் மக்கென்றிக்கும் செய்தது. நுளம்பையும் கணக்கில் சேர்ப்பது அதற்கும் முந்தியது, மலேரியாவுக்காக றொனால்ட் றொஸ் போட்ட கணக்கு. இரண்டையும் ஒட்டி, ஒரு புதுப் பெட்டியைச் சேர்த்து, சமநிலைப் புள்ளி உறுதியானதா என்று காட்டிவிட்டு முடிக்கும் செயற்றிட்டங்கள் ஏராளம். அவற்றில் யாழ்ப்பாணம் என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பிறேசில் என்று போட்டாலும் ஒரு வரி மாறாது.

நம் ஊரில் உண்மையான கேள்விகள் கிடக்கின்றன. மழையின் பெரும்பங்கு வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கிறது, டெங்கு அதன் பின்னால் ஏறுகிறது. நுளம்பின் முட்டை காய்ந்த பாத்திரத்தின் ஓரத்தில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், முதல் மழையில் பொரிக்கும். அந்தக் காத்திருப்பைச் சமன்பாட்டில் எங்கே போடுவது? மார்கழி விடுமுறைக்கும் பொங்கலுக்கும் கொழும்பிலிருந்து வருபவர்கள் கிருமியையும் கொண்டுவந்தால், ஊருக்குள் பிறந்த தொற்றையும் வெளியிலிருந்து வந்ததையும் எண்ணிக்கையைப் பார்த்தே பிரித்தறிய முடியுமா? சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு மாவட்ட வாரியாகக் கிழமைக்குக் கிழமை எண்ணிக்கை வெளியிடுகிறது. தரவு இருக்கிறது. 'மாதிரியாக்கம்' என்று போட்ட விரிவுரையாளரிடம், "தரவோடு பொருத்திப் பார்ப்பீர்களா சேர்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலில் எல்லாம் தெரிந்துவிடும்.

புள்ளிவிபரவியலில் 'இடஞ்சார் பகுப்பாய்வு' என்ற சொல்லைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்தது. சில இடங்களில் அளந்ததை வைத்து அளக்காத இடத்தில் எவ்வளவு இருக்கும் என்று சொல்வது. கிரிகிங் என்று பெயர். தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் வேலை செய்த கிரிக் என்ற பொறியியலாளரிடமிருந்து வந்தது. தங்கத்துக்குப் பிறந்த முறையைக் கோப்பாய்த் தோட்டக் கிணற்று நைத்திரேற்றுக்குப் பாவிக்கிறோம். குடிநீரில் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். உரம் போடும் தோட்ட நிலத்தில் அதைத் தாண்டும் கிணறுகள் உண்டு. ஆனால் முறையின் அடியில் ஓர் எடுகோள் இருக்கிறது: கிட்ட உள்ள இடங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்று. நம் நிலமோ சுண்ணாம்புக்கல், உள்ளே வெடிப்பும் குகையும். பக்கத்து வளவுக் கிணறு நல்ல தண்ணீர், எங்கள் கிணறு உவர் என்பது எங்கள் ஆச்சிமாருக்கே தெரிந்த விசயம். எடுகோள் உடையும் இடத்தில் முறை என்ன ஆகும்? இந்தக் கேள்வியோடு போனால் எந்த விரிவுரையாளரும் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொல்வார்.

கணினிக்கு வருவோம். 'மெஷின் லேர்னிங்' என்ற சொல் இப்போது உப்பு மாதிரி, எல்லாக் கறியிலும் இருக்கிறது. அதனால் அந்தச் சொல் ஒன்றும் சொல்வதில்லை. எதில் என்று கேட்க வேண்டும்: படத்திலா, மொழியிலா, மருத்துவத் தரவிலா? சொல் எவ்வளவு பிந்தி வரும் என்பதற்கு ஒரு கதை. பேராதனையில் பொறியியல் படித்த மகேசன் நிரஞ்சனும் அவருடைய மாணவர் றமறியும் 1994இல் கேம்பிரிட்ஜில் ஓர் அறிக்கை எழுதினார்கள். இயந்திரம் தான் உண்மையில் எடுத்த முடிவிலிருந்தே கற்றுக்கொள்ளும் ஒரு வழிமுறை. அவர்கள் வைத்த பெயர் நீளமானது, வறண்டது, 'திருத்திய' என்று தொடங்குவது. பிறகு ரிச்சட் சட்டன் வைத்த 'சார்சா' என்ற பெயர்தான் நிலைத்தது, இன்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அன்று பட்டியலைப் பார்த்துத் தெரிந்த மாணவன் அந்த வறண்ட தலைப்பைத் தாண்டிப் போயிருப்பான்.

'தமிழ்க் கணிமை', 'இயற்கை மொழி முறைவழியாக்கம்' என்ற சொற்களுக்கு நம் பிள்ளைகள் ஏனோ முகம் சுழிக்கிறார்கள், தமிழ்ப் பாடம் என்று நினைக்கிறார்கள் போல. வேலையைப் பாருங்கள். 'கொ' என்று திரையில் தெரியும் எழுத்தை யுனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தின் பின் ஒரே குறியாக, அல்லது ஒற்றைக் கொம்பும் அரவும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. சொல் எண்ணினால் பிழைக்கும். ஔவையார் என்பதை ஒகரமும் ளகரமும் போட்டு எழுதியவர்கள் எத்தனை பேர்! தேடினால் கிழவி அகப்படமாட்டா. இதைச் சீராக்காமல் எந்தப் பெரிய மாதிரியைப் பயிற்றினாலும் அத்திவாரத்தில் மண்தான்.

பேச்சை எழுத்தாக்குவது இன்னும் ருசியானது. இ, அ என்ற இரண்டு சுட்டோடு உகரச் சுட்டையும் அன்றாடம் பாவிப்பவர்கள் நாங்கள். உது, உவர், உங்கை. தமிழ்நாட்டுப் பேச்சையே கேட்டு வளர்ந்த மென்பொருளுக்கு இது புதிது. 'வாறன்', 'பேந்து', 'கதைப்பம்' எல்லாம் புதிது. நல்ல ஒலிப்பதிவும் அதற்குச் சரியான எழுத்துருவும் கொண்ட யாழ்ப்பாணப் பேச்சுத் தொகுப்பு ஒன்றைச் சில மணித்தியால அளவுக்கு ஒழுங்காகச் செய்தாலே அது பிறருக்கும் பயன்படும் வேலை. கவர்ச்சியில்லை, காதில் ஹெட்போனோடு மாதக்கணக்கில் இருக்க வேண்டும். ஆனால் நீங்கள் செய்யாவிட்டால் செய்வதற்கு வேறு ஊரில் ஆள் இல்லை.

இனி என்ன செய்யலாம்? கைந்நூலை மூடி வைத்துவிட்டுக் கூகுள் ஸ்கொலரில் அந்த விரிவுரையாளரின் கடைசி நாலைந்து வருடக் கட்டுரைத் தலைப்புகளை மட்டும் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் சொல்தான் நடு அடுக்கு. பிறகு அவரிடம் போன வருடம் செய்த அக்கா அண்ணாவைக் கன்ரீனில் பிடித்து, கிழமையில் எத்தனை தரம் சேரைக் கண்டீர்கள், கருவி எத்தனை நாள் ஓடியது, தரவு யாரிடமிருந்து வந்தது என்று கேளுங்கள். நல்ல தலைப்போடு மாதத்துக்கொரு தரம் காண்பவரைவிட, சாதாரணத் தலைப்போடு கிழமைக்கொரு தரம் உங்கள் கொப்பியைப் பார்ப்பவர் மேல். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

உங்கள் விசயத்தில், மூன்று பாடமும் கைவசம் இருப்பதால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் கணிப்பு முறைப் பௌதிகம் செய்பவரிடம் போவேன். அவர் இடம் இல்லை என்றால் கிணற்றுத் தரவோடு புள்ளிவிபரவியலுக்கு. சூரியக் கலம் ஆசையாக இருந்தால் ஒரு பின்னேரம் ஆய்வுகூடத்தில் நின்று கண்ணாடி கழுவிப் பாருங்கள். அலுக்கவில்லை என்றால் அதுவே உங்கள் இடம்.

போகும்போது "உங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம்" என்று மின்னஞ்சல் எழுத வேண்டாம், அது எல்லாரும் எழுதுவது. அவருடைய ஒரு கட்டுரையை வாசித்து, விளங்காத ஒரு சமன்பாட்டையோ வரைபையோ அச்செடுத்துக்கொண்டு நேரில் போங்கள். சோதனைத்தாள் திருத்தும் காலத்தில் மட்டும் போகாதீர்கள்.